சூசையப்பர் திருநாளுக்கு வந்த மூவர்

வெலிக்கடைச் சிறையில் ஒருவனைத் தூக்கிலிட்ட வாரத்தில் எங்கள் அப்பா கயிறு விற்பதை நிறுத்தினார். கொட்டாஞ்சேனையில், அதுவும் துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்ட, இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் கயிறு இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வள்ளக்காரர்கள் வந்து கேட்பார்கள். உள்ளே சுருள் சுருளாகக் கிடப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, மனுசருக்கு விசர் பிடித்துவிட்டது என்று போய்விடுவார்கள். நான் அப்போது கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். அப்பாவின் கூத்தைக் கண்டு முதலில் எரிச்சல்தான் வந்தது.

நடந்தது இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் புதுக்கடை நீதிமன்றத்தில் கொலை வழக்குகளை ஏழு ஜூரிமார் கேட்பார்கள். தமிழன் வழக்கென்றால் தமிழ் பேசும் ஜூரிமார். அப்படி ஒரு வழக்கில் அப்பாவின் பெயரும் விழுந்தது. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக் காவற்காரனைக் குத்திக் கொன்றதாக ஓர் இளந்தாரி மேல் குற்றச்சாட்டு. கண்ட சாட்சி ஒன்றே ஒன்று, அதுவும் லாம்பு வெளிச்சத்தில் கண்டது. தான் செய்யவில்லை என்று அவன் கூண்டில் நின்று கடைசிவரை சொன்னான். அப்பாவின் மனதில் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. மற்ற ஆறு பேரும் தலையாட்டவே அவரும் ஆட்டிவிட்டார்.

அவனைத் தூக்கிலிட்ட பிறகு எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் அப்பா, அவனைத் தூக்கிலிட்ட நேரமான எட்டு மணி அடித்ததும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுவார். பிறகு, "அவன் இல்லையெண்டால்?" என்று கேட்பார். அறையில் அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கேட்பதில்லை. எனக்குச் சற்றுப் பக்கத்தில், என் தோளுயரத்துக்கு மேலே பார்த்துக் கேட்பார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு நாளும் துணிவு வந்ததில்லை.

பாவசங்கீர்த்தனமும் செய்து பார்த்தார். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததில் பாவமில்லை என்று சுவாமியார் சொல்லி அனுப்பினாராம். "பாவமில்லையெண்டால் மன்னிப்பும் இல்லைத்தானே" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

அம்மா சூசையப்பரைப் பிடித்துக்கொண்டார். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் அவர்தான். அவருடைய திருநாளில் ஏழைகள் மூவரை, ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு பிள்ளை, சூசையப்பரும் மாதாவும் பாலனுமான திருக்குடும்பமாக நினைத்து வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வீட்டுத் தலைவர் அவர்களுடைய கால்களைக் கழுவ வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் வீட்டார் முழந்தாளிட, அவர்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். கோயில் வாசலில் இருக்கும் பிச்சைக்காரக் கிழவரிடம், மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வரும்படி அம்மா சொல்லிவைத்தார்.

மார்ச் மாத உச்சி வெயில். தெருவில் ஒரு குருவியும் இல்லை. வாசற் படலையடியில் மூன்று பேர் நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியாது, கூப்பிடவுமில்லை, வெறுமனே நின்றார்கள். ஒரு கிழவர், ஒரு பெண், நாலைந்து வயதுப் பெண்பிள்ளை. ஆனால் அது கோயில் வாசல் கிழவர் அல்ல.

"அவையள் இல்லையே அம்மா" என்று நான் மெல்லச் சொன்னேன்.

"இண்டைக்கு ஆர் வந்தாலும் திருப்பி அனுப்பக்கூடாது பிள்ளை" என்று அம்மா அவர்களை உள்ளே அழைத்தார்.

அப்பா செம்பும் தாம்பாளமுமாகக் கிழவரின் முன் குந்தினார். தண்ணீரை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து முகத்தைப் பார்த்தவர், ஊற்றுவதை நிறுத்த மறந்துவிட்டார். தாம்பாளம் நிரம்பி, தண்ணீர் நிலத்தில் ஓடி, என் காலடிக்கு வந்தது. கூண்டில் நின்ற முகமாம் அது. அதே நெற்றி, அதே பிளந்த நாடி. தூக்கிலிட்டவன் சாகாமல் எங்கேயோ இருந்து கிழவனாகித் திரும்பி வந்தது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார். எனக்கு அது அப்போது தெரியாது. அப்பாவின் காது மடல்கூட வெளுத்துப்போனதைத்தான் கண்டேன்.

அடுத்து அந்தப் பெண்ணின் முறை. அவள் காலை இழுத்துக்கொண்டாள். பாதத்தில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

"சந்திப் பைப்பில கழுவிட்டுத்தான் வந்தனாங்கள், ஐயா. நீங்கள் கழுவுறது எனக்கு விருப்பமில்லை."

பணிவில் சொல்கிறாள் என்று அம்மா நினைத்தார். மூவரும் சாப்பிட்டார்கள். பிள்ளை மட்டும் இரண்டாந்தரம் பாயாசம் கேட்டது. பிறகு நாங்கள் வரிசையாக முழந்தாளிட்டோம். கிழவர் கையை ஒவ்வொருவர் தலையிலும் வைத்தார். அப்பாவின் தலையிலும் வைத்தார். அவள் வைக்கவில்லை.

"நீங்கள் தூக்குக்கு அனுப்பினவற்ற மனுசி நான்," என்றாள். "இவர் அவற்ற தகப்பன். கோயிலடியில உங்கட வீட்டை விசாரிக்க, அந்தக் கிழவர் இண்டைக்குத் தங்கட முறையை எங்களுக்குத் தந்தவர். என்ர மனுசன் சாகமுதல் உங்களிட்ட ஒண்டு சொல்லச் சொன்னவர்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா முழந்தாளிலேயே இருந்தார்.

"அவன்தானே செய்தவன்?" அப்பாவின் குரல் கிழிந்தது. "சொல்லு தங்கச்சி. அவன்தானே?"

"ஓம். அவர்தான் செய்தவர். சிறையில சுவாமியாரிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுது ஞானஸ்நானமும் எடுத்தவர். ஏழு பேரும் சரியாத்தான் தீர்த்தவையள், ஒருத்தரும் மனவருத்தப்படக்கூடாது, வீடு வீடாப் போய்ச் சொல்லு எண்டவர்."

அப்பா சிரித்தார். கண்ணீர் வடிய வடியச் சிரித்தார். மாதக்கணக்காக அவர் யாரையோ பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கோ வெட்கமாக இருந்தது. ஒரு விதவையின் முன்னால் இப்படிச் சிரிக்கிறாரே என்று அவரை உலுக்க வேண்டும் போல் வந்தது.

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"இதுதான் கடைசி வீடு. மற்ற ஆறு பேரும் இதைத்தான் கேட்டவை, அவன்தானே எண்டு. கேட்டுப்போட்டு இப்பிடித்தான் சந்தோசப்பட்டவை. அவர் எப்பிடிச் செத்தவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

வாசற்படிவரை போய்விட்டாள். அப்பாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

"எப்பிடிச் செத்தவர்?" என்று கேட்டார்.

அவள் திரும்பி வந்தாள். அப்பாவுக்கு நேரே நிலத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"கோட்டில சத்தியம் எடுக்கேக்க உங்கட ஏழு பேரின்ர பேரும் வாசிச்சவைதானே. அதைப் பாடமாக்கி வச்சிருந்தவர். உங்களுக்காக ஒவ்வொரு நாளும் செபத்தில சொல்லுவார். கடைசி நாளும் அறையில இருந்து நடக்கேக்க அதைத்தான் ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு போனவர். முகத்தை மூடினாப் பிறகும் நிப்பாட்டேல்லை எண்டு சுவாமியார் சொன்னவர். உங்கட பேர்தான் ஏழாவது, ஐயா. நீளமான பேர். பாதி சொல்லேக்க பலகை விழுந்துட்டுது."

அதன் பிறகு எங்கள் வீட்டில் எட்டு மணி சும்மா வந்து போனது. ஆனால் யாராவது அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பாதிப் பெயரில் அவர் மூச்சு நின்றுவிடும். முழுப் பெயரும் சொல்லி முடியும்வரை அப்படியே நின்று, பிறகுதான் திரும்புவார்.