ஆறப்போட்டால் கரையாது

1. எடைக்குப் போகும் மெஷின்

குன்னூரில் அந்தச் சின்ன மாத்திரைக் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று, முதலாளி மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் வாசலைத்தான் காட்டினார்.

"ட்ரயல் சரியா வந்தா உனக்கு வேலை நிரந்தரம், குடியிருக்க ரூமும் தர்றேன். வரலைன்னா மெஷினை எடைக்குப் போட்டுட்டு உன்னையும் அனுப்பிருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

எனக்கு அந்த ரூம்தான் வேண்டியிருந்தது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எங்களில் நான் மட்டும் வேலை தேடி மலையேறியிருந்தேன். மனைவி ராக்காயி, கப்பலில் வந்தவர்களைத் தங்க வைத்த மண்டபம் முகாமிலேயே இருந்தாள். நான் கம்பெனி கொடவுனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு அவளை எங்கே அழைத்துவருவது? எப்படியாவது அந்த ரூமை வாங்கியே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

மெஷின் எனக்குப் பழைய சிநேகிதன். சிலோன் டீ பேக்டரியில் நான் ஓட்டிய ரோட்டர்வேன் மெஷின்தான், அளவில் சிறியது. உருளைக்குள் திருகு சுழன்று கொழுந்தை நெருக்கி நசுக்கித் தள்ளும். இங்கே அதைச் சுற்றிச் சூடான எண்ணெய் ஓட ஜாக்கெட் மாதிரி ஒரு இரும்பு உறை போட்டு, வாயில் ஓட்டைத் தகடு மாட்டியிருந்தார்கள். உள்ளே போவதுதான் வேறு. கொழுந்துக்குப் பதில் படர்தாமரை மருந்தும், மெழுகு போன்ற ஒரு பாலிமரும்.

மழையில் நனைந்தே கொழுந்தெடுப்பவர்களைப் படர்தாமரை விடாது. மருந்து இருந்தது, ஆனால் தண்ணீரில் கரையாத மருந்து. வயிற்றில் கரைந்தால்தானே ரத்தத்தில் ஏறும்? பாதிக்கு மேல் அப்படியே வெளியே போய்விடும்.

கம்பெனியின் கெமிஸ்ட் மாலதி மேடம், கோயம்புத்தூர்க்காரர். முதல் நாளே சொன்னார்: "ஏனுங்க செல்லையா, உருகறது வேற, கரையறது வேறங்க. இந்தப் பாலிமர் தண்ணியில நல்லாக் கரையுமுங்க. மருந்தை இதோட சேத்து உருக்கிப் பிசைஞ்சுட்டா, இது கரையறப்ப அதையும் கூட இழுத்துட்டுப் போயிரும்."

2. டீக்காரன் புத்தி

முதல் ட்ரயலில் ஓட்டைத் தகடு வழியாக இடியாப்பம் மாதிரி இழை இழையாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உதவிக்கு இருந்த இரண்டு பேரும் டீ பேக்டரி ஆட்கள். மூவரும் இழைகளைத் தட்டில் வாரிக் குவித்து, பனி படாமல் துணி போட்டு மூடி, பதமாக ஆறட்டும் என்று விட்டோம். நசுக்கிய கொழுந்தைப் பரப்பிப் புளிக்கவிட்டுத்தானே டீக்கு நிறமும் மணமும் வரும்? அவசரப்பட்டால் பேக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கர் காதைத் திருகுவார். கை தானாக அதைச் செய்தது.

ஆறியதை அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கலக்கி டெஸ்ட் பார்த்தார் மேடம். தூள் அடியில் தங்கிவிட்டது.

"மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குது. இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார் முதலாளி.

மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். "இதை ஆறப் போட்டீங்களா? மெதுவா ஆறுனா மருந்து தனியாப் பிரிஞ்சு மறுபடியும் கட்டி கட்டியா ஆயிருமுங்க. ஆறின கஞ்சி பழங்கஞ்சிதானுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொரு ட்ரயல் குடுங்க மொதலாளி" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. அதோட சரி."

மருந்து அந்த ஒரு ட்ரயலுக்குத்தான் இருந்தது. வெறும் பாலிமரை உருக்கித்தான் ஒத்திகை பார்த்தோம். குளிருக்கா பஞ்சம் என்று தட்டை ஜன்னலோரம் வைத்தேன். மேகம் உள்ளே புகுந்து ஈரம் ஏறி எல்லாம் பிசுபிசுத்துப் போனது. குளிர் வேண்டும், ஈரம் கூடாது. தகரப் பட்டறையில் உட்கார்ந்து, தட்டையான இரும்புப் பெட்டி ஒன்று செய்ய வைத்தேன். ஊற்றுத் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே ஓடி வெளியேறும், மேலே ஒரு சொட்டு வராது. அதைத் தகட்டின் வாய்க்கு நேர் கீழே வைத்து ஜன்னல்களைச் சாத்தினோம். வழியும் இழையை மேடமே கரண்டியால் மெல்லிசாக இழுத்துவிட்டுப் பார்த்து, "இந்தக் கனம் தாண்டக் கூடாதுங்க" என்று அளவு சொன்னார்.

கடைசி ட்ரயல். இழைகள் இரும்பில் விழுந்ததும் விறைத்துச் சடக்கென்று உடைந்தன. டெஸ்ட் குடுவை சுழன்றது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அடியைத் தேடினார். அங்கே மணல் இல்லை.

"சாவியை வாங்கிக்கோ" என்று மட்டும் சொன்னார். சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, அன்றைக்கே ராக்காயிக்குக் கடிதம் போட்டேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரட்டைத் திருகு மெஷின் இருக்கிறது, கம்ப்யூட்டர் சூட்டைப் பார்த்துக்கொள்கிறது. நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. மெஷின் பழகியதாக இருக்கலாம், உள்ளே போகும் சரக்கு புதுசு. பழைய கை சொல்வதைக் கேட்குமுன் சரக்கைக் கேளுங்கள்.

ராக்காயி மூட்டையோடு வந்து இறங்கியபோது அவளை அடையாளம் தெரியவே எனக்குச் சற்று நேரமானது. அப்படி இளைத்திருந்தாள். ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, இங்க என்னா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"கரையாத மருந்தைக் கரைக்கிற வேலை" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"நல்ல வேளை, வெள்ளனே முடிச்சீங்க" என்றாள். "இன்னுங் கொஞ்சம் ஆறப் போட்டிருந்தா அங்கன நானே கரைஞ்சு போயிருப்பேன்."