கொம்புச் சீப்பு என்று எழுதிக் கொடுத்தேன்

அன்று என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜெய்லானி ராவுத்தராகிய நான். என் மனைவியின் தம்பி நவாஸ். என் மருமகள் ஷர்மின். கடமலைக்குண்டிலிருந்து வந்திருந்த பழைய சாமான் வியாபாரி சின்னக்கருப்பு. ஐந்தாவதாக யாரும் இல்லை. நம்பாதவர்கள் மற்ற மூவரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன். கதை கட்டும் வயது எனக்கு இல்லை. அதற்குத் தெம்பும் இல்லை.

2008 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. ஊர் உத்தமபாளையம்.

எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக ஒரே வேலை. பழைய அணிகலன்களைப் பார்த்து, அது என்ன, எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது. ஒட்டியாணம், புரோச், மணிப்பை, கொண்டை ஊசி, வெள்ளிப் பொத்தான்... எல்லாம் வரும். எங்கள் சீட்டு இருந்தால் குமுளிக் கடைக்காரர்கள் பொருளைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்படியே விற்பார்கள். அந்தச் சீட்டின் தலைப்பில் இருப்பது என் தகப்பனார் பெயர். அதற்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்றுதான், முதுகு வலித்தாலும், எழுபத்திரண்டு வயதில் அந்த மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டு எழுதி முடிக்கும்வரை, பொருளைக் கொண்டு வந்தவர் வாய் திறக்கக் கூடாது. ஜமீன் வீட்டுப் பொருள், துரை வீட்டுப் பொருள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதைக் கேட்டால் மதிப்பும் ஏறிவிடும் என்று தகப்பனார் வைத்த கட்டுப்பாடு அது.

மாலை 6.25. சின்னக்கருப்பு ஒரு கொண்டைச் சீப்பைத் துண்டிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தார்.

தேன் நிறம். அகலமான வளைவு. மேலே வெள்ளிப் பட்டை, அதில் ஏழு சிவப்புக் கற்கள். கல் வெறும் கண்ணாடி, ஆனால் கையால் பட்டை தீட்டியது. வெள்ளி நல்ல வெள்ளி. வேலைப்பாட்டைப் பார்த்தால் எழுபது வருடப் பழசு. பற்கள் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தன. யாரோ பல காலம் சூடிய பொருள். மீதி இருந்தது ஒரே கேள்வி. மாட்டுக் கொம்பா, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டா? கொம்பு என்றால் மதிப்பு மூன்று மடங்கு.

இதற்குச் சோதனை எளிது. காய்ச்சிய ஊசியால் ஓரத்தைத் தொட வேண்டும். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. முடி கருகும் வாடை வந்தால் கொம்பு.

சின்னக்கருப்பு துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ராவுத்தரய்யா, ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன்..."

"சீட்டு முடியட்டும்."

"இல்லய்யா, இது இருந்த எடம்..."

"வழக்கம் தெரியுமா, தெரியாதா?"

நவாஸ் சிரித்தார். "சும்மா இருங்கண்ணே. மச்சான் மகனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலயே கம்மலக் கழட்டச் சொன்ன ஆளு."

தேநீர் கொண்டு வந்த ஷர்மின் விடவில்லை. "கழட்டச் சொன்னது பரவால்ல மாமு. கவரிங்குன்னு சபையில சொன்னாகளே, அதச் சொல்லுங்க."

அது கவரிங்தான்.

6.41. மெழுகுவர்த்தியில் ஊசியைக் காய்ச்சினேன். சீப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.

முடி கருகும் வாடை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஊசி படுவதற்கு முன்பே அந்த வாடை வந்துவிட்டது. ஒரு நொடி முன்பு. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒதுக்கினேன். அசதி.

'கொம்பு' என்று எழுதினேன். அதற்கான மதிப்பையும் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். மணி 6.44. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன்.

"இப்போது சொல்லுங்கள், சின்னக்கருப்பு."

அவர் சீட்டைப் பார்த்தார். மதிப்பைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லய்யா."

6.52. வாடை போகவில்லை. கூடியது.

ஷர்மின் தலையைத் தடவினாள். "மாமா... என் முடியில தீ கீ பட்டுருச்சா?"

படவில்லை. பார்த்தேன்.

7.00. வழக்கமான மின்வெட்டு. இருட்டு.

சடசடவென்று ஒரு சத்தம்.

"மழை பிடிச்சிருச்சு" என்றார் நவாஸ். கதவைத் திறந்து பார்த்தார்.

தெரு காய்ந்து கிடந்தது.

சத்தம் வெளியே இல்லை. அறைக்குள் இருந்தது.

மழை இல்லை.

கைதட்டல்.

நூறு கைகள்... இருநூறு கைகள்...

மேசையைத் தடவினேன். சீப்பு விரலில் பட்டது.

கொதித்தது.

சட்டென்று எல்லாம் நின்றது. வாடையும். சத்தமும்.

7.06. நவாஸ் டார்ச் அடித்தார். சின்னக்கருப்பு சீப்பையும் சீட்டையும் துண்டில் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். தேநீர் அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, சின்னக்கருப்பிடம் அந்தச் சீப்பை வாங்கிய குமுளிக் கடைக்காரர் ஆரிப் போன் செய்தார். "பெரியவரே, தப்பா எடுத்துக்கிறாதீக. வாங்க வந்தவரு சந்தேகப்பட்டாரு. இது செல்லுலாய்டு. நாலு தடவ சுட்டுப் பாத்துட்டேன். கற்பூரந்தான் வருது."

மூன்று தலைமுறையில் திரும்பி வந்த முதல் சீட்டு. நானே பஸ் ஏறிப் போனேன். நானே ஊசி காய்ச்சினேன்.

கற்பூரம்.

சீட்டை என் கையாலேயே கிழித்தேன். அங்கிருந்து நேராகக் கடமலைக்குண்டு போனேன். சின்னக்கருப்பு தலை நிமிரவில்லை.

"அது நாடகக்காரப் பொம்பள சீப்புய்யா. ஜோடிச் சீப்பு. எங்க தாத்தா காலத்துல, அங்கன பொட்டல்ல திருவிழா நாடகம். ஆடிக்கிட்டு இருக்கையில விளக்குப் பட்டு ஒரு சீப்பு பத்திருச்சு. அந்தச் சாமான் காயிதமாட்டம் எரியுமாமே. தலையோட பத்திக்கிட்டுச் சுத்திச் சுத்தி ஓடியிருக்கு. சனம் அதையும் நாடகம்னு நெனச்சு... அது விழுற வரைக்கும் கைதட்டிக்கிட்டே இருந்துச்சாம். தெறிச்சு விழுந்த இன்னொரு சீப்பு இதுய்யா. இதத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்."

நான் பேச விடவில்லை. பேசச் சொன்னபோது அவர் பேசவில்லை.

அந்தச் சீப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு யாருக்கும் சீட்டு எழுதவும் இல்லை.

ராவுத்தருக்கு வயதாகி மோப்பம் போய்விட்டது, அதனால்தான் செல்லுலாய்டைக் கொம்பு என்று எழுதிவிட்டார் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அன்று அந்த அறையில் முடிதான் கருகியது.