சண்டைக்குப் பிறகு யார் முதலில் பேசியது?

பெருந்தொற்றில் குடும்பங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று ஆராய, மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு ஒரு பொருளாதார நிபுணர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. கால் மட்டும் ஓயாமல் ஆடியது.

நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்றுச் சமாளித்ததை அம்மா சொல்ல, அவரோ, "வீட்டுல சண்டை வந்துச்சா அக்கா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். வந்தது என்று அம்மா ஒப்புக்கொண்ட பிறகும் விடவில்லை.

"என்ன பாஸ், உங்க வீட்டுல பெரிய சண்டையா?" என்று சீண்டினேன்.

கால் நின்றது. "எனக்குச் சம்பளமெல்லாம் வந்துச்சு தம்பி. வைஃப்தான் கோவிச்சுக்கிட்டு பந்திங்ல அவங்க அம்மா வீட்டுக்குப் போனாங்க. இன்னும் வரல."

பிறகு அம்மாவிடம், "சண்டைக்கப்புறம் யாரு முதல்ல பேசுனது?" என்றார்.

"நான்தான்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா.

"பொய் லா! சோறு கேட்டா அது பேச்சா?" என்றார் அம்மா.

"பேச்சுதான் அக்கா," என்று எழுந்தவர் என்னைப் பார்த்தார். "இப்பப் போனா பந்திங் ரோடு ஜாமா இருக்குமா?"

"பயங்கர ஜாம் பாஸ்."

அப்படியும் கிளம்பினார். அங்கே போய் என்ன கேட்டிருப்பார்?