கருவாட்டு வாலும் ஐந்தாம் ஓடையும்

நாய் கடித்த காலோடு நான் இரண்டு நாள் நடந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஏழு வயது. பதுளைக்கு ரயில் வராத காலம். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நால்வரும் பதுளைப் பக்கம், ஹாலிஎலவுக்கு அப்பாலிருந்த தோட்டத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டோம்.

கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான், எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் என் கெண்டைக்காலைக் கவ்வியது. கீழ்க் கிராமத்துச் சிங்கள வைத்தியர் வேர் அரைத்துக் கொடுத்து, ஒரு மண்டலம் உப்பு, புளி, கருவாடு கூடாது என்றார். மீறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சித்தப்பா சொன்னார்.

"கருவாட்டத் தொட்டே, அவ்வளவுதான்டா. குலைச்சுக்கிட்டேதான் பதுளைக்குப் போவே."

"சும்மா இருங்க தம்பி," என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

வழியில் அவர்களுக்கு ரொட்டியும் சுட்ட கருவாடும். எனக்கு உப்பில்லாத சோற்று உருண்டை. ஒவ்வொரு ஓடையிலும் அம்மா நின்றாள். தாகமில்லை என்றாலும் விடமாட்டாள். கையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்ப்பாள். நாலு ஓடைகளை அப்படிக் கடந்தோம்.

இரண்டாம் நாள் மதியம் மரத்தடியில் எல்லோரும் கண்ணயர்ந்தார்கள். நான் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கருவாட்டு வாலை எடுத்து முள்ளோடு தின்றேன். நாக்கில் உப்பு இருக்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. மறுபடி நடந்தபோது இருமல் வந்தது. இருமலா, குலைப்பா? எனக்கே சந்தேகம். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் ஓடையில் அம்மா தண்ணீர் அள்ளினாள். வாயைத் திறந்தால் நாய்க்குரல் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துத் தலையைத் திருப்பினேன். தண்ணீர் மோவாயில் வழிந்தது.

"குடிடா சாமி... ஒரு வாய் குடிடா."

நான் குடிக்கவில்லை. அம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா நாலெட்டுப் பின்னால் போனார். அப்பா தன் மூட்டையிலிருந்து புதுக் கயிறு ஒன்றை எடுத்தார். அடிக்கத்தான் என்று நினைத்தேன்.

"கருவாடு தின்னுட்டேம்பா! அடிக்காதீங்க! குலைப்பு வந்துரும்னுதான் வாயத் தொறக்கல!"

கத்தியது மனிதக் குரலாகத்தான் இருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். "அதுக்குத்தானா? அப்பக் குடி. குடிச்சுக் காட்டு!"

வயிறு முட்டக் குடித்தேன். அடி விழவில்லை. அம்மா என் மோவாயைத் துடைத்தபடி அழுதாள், சிரித்தாள். அப்பா கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தார். மிச்ச வழியெல்லாம் என்னைத் தோளில் சுமந்தார். பத்தியம் முறித்தவனுக்கு இப்படியொரு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம்.

வளர்ந்து ஆளான பிறகு, பிழைப்புக்காகத் தோட்டம் தோட்டமாகத் திரிந்த நாளில், ஓரிடத்தில், லயத்துத் தூணில் கட்டிப்போட்டிருந்த ஒருவனைப் பார்த்தேன். நாய்க்கடி பட்டவன். யாரோ செம்பில் தண்ணீர் நீட்டியதும் அவன் தலையைத் திருப்பிக்கொண்டு அலறினான்.

அவனைக் கட்டியிருந்த கயிறும் புதிதாகவே இருந்தது.