கண்ணாடிக்குள் எங்கள் லயத்துப் பாதை

என் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. ஊசியால் குத்தினாலும் தெரியாது, வெந்நீர் கொட்டினாலும் தெரியாது. ஆனால் அந்தக் கால்கள் எரியும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. உணர்ச்சியே இல்லாத கால் எப்படி எரியும் என்று கேட்டவர்களுக்கு ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொன்னேன். பிறகு, "அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடப் பழகிக்கொண்டேன்.

ராகலைக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலைக்கு நடுவே நிற்கும் சவுக்கு மரங்களில் கொப்பு வெட்டுவது அண்ணனின் வேலை. மழை விட்ட ஒரு காலையில் ஏறினார், மரம் வழுக்கிவிட்டது, கீழே இருந்த பாறையில் முதுகு அடிபட விழுந்தார். நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கடைசியில் கொழும்புப் பக்கம், முதுகெலும்பு உடைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். நான் ராகலை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். சிங்களம் நன்றாக வரும். அதனால் துணைக்கு நான்தான் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கடை முதலாளியான முஸ்லிம் நானாவும், "போயிட்டு வாங்க தம்பி, கடை எங்கேயும் ஓடிப் போகாது" என்று அனுப்பிவைத்தார்.

எரிச்சல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும். "அடுப்புச் சாம்பல்ல நிக்கிற மாதிரி இருக்குடா" என்பார். நான் போர்வையை விலக்கிவிட்டுக் காலைத் தேய்ப்பேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். ஒருநாள், "நீ தேய்க்கிறியா, நிப்பாட்டிட்டியா?" என்று கேட்டார். தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் பிறகும் தேய்த்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரை கொடுத்தால் தூக்கம் வந்தது, தூக்கத்திலும் முகம் சுருங்கித்தான் இருந்தது. என் ஆத்திரத்தை எல்லாம் பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவிடம் காட்டினேன்.

அங்கே உடற்பயிற்சி கொடுக்க ஒரு சிங்கள மிஸ் இருந்தார். இளவயது, மெல்லிய குரல், எதையும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம். அவர்தான் ஒருநாள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். முகத்தில் மாட்டினால் கண்ணை முழுவதும் மூடிவிடும், உள்ளே வேறொரு உலகம் தெரியும். வி.ஆர். என்று சொன்னார். நாங்கள் கண்ணாடி என்றோம். மூளை காலைக் கூப்பிடுகிறது, காலிடமிருந்து பதில் இல்லை, அதனால்தான் இந்த எரிச்சல் என்றார் மிஸ். கால் நடப்பதைக் கண் பார்த்தால் மூளை கொஞ்சம் அடங்கும். எல்லோருக்கும் அடங்காது, சிலருக்கு அடங்கும். இதனால் அவர் எழுந்து நடக்கமாட்டார், அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் என்றார். நான் தெளிவாகத்தான் சொன்னேன்.

உள்ளே ஒரு கடற்கரைச் சாலை. அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடி கைகளை வீச வேண்டும், வீசும் வேகத்துக்குக் கண்ணாடிக்குள் நடை போகும். குனிந்தால் கால்கள் தெரியும். முதல் தடவை குனிந்து பார்த்தவர் சிரிக்கத் தொடங்கினார். விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"டேய், இது யாரு காலுடா? வெள்ளவெளேர்னு, அரைக் களுசான் போட்டுக்கிட்டு! எனக்குத் தொரை காலை மாட்டிவிட்டுட்டாங்கடா."

நான் சிங்களத்தில் சொன்னதும் மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதையோ அழுத்திக் காலின் நிறத்தை மாற்றிக் கொடுத்தார். அண்ணன் கையை வீசி வீசி நடந்தார். மலையில் ஏறியே பழகிய உடம்பு, முன்னால் சாய்ந்துகொண்டே இருந்தது. "என்னா ரோடுடா இது, மேடே இல்ல" என்று குறை வேறு சொன்னார். கண்ணாடியைக் கழற்றியபோது வியர்த்திருந்தார். அன்று சாயங்காலம்வரை எரியவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் மறுநாளும் அப்படித்தான் நடந்தது, அதற்கடுத்த நாளும். ஒரு மனிதனுக்கு வலி இல்லாமல் ஒரு பொழுது கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நாட்களில்தான் எனக்குப் புரிந்தது. அவர் தேத்தண்ணியை ருசித்துக் குடித்தார். வீட்டுக்குப் போன் போடச் சொன்னார்.

அந்தப் போனில்தான் செய்தி லயத்துக்குப் போனது. எங்கள் வீட்டில் போன் பேசுவது என்றால் லயத்து வரிசை வீடுகள் முழுவதும் கேட்கும்படி சத்தமாக வைத்துத்தான் பேசுவார்கள். அண்ணன் எழுந்து நடக்கமாட்டார் என்று நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, கண்ணாடி போட்டு நடக்க வைக்கிறார்களாம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நம்ப ஒன்று கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கடற்கரைச் சாலை பழகப் பழக அதன் பலன் குறைந்துகொண்டு வந்தது. எரிச்சல் சாயங்காலத்துக்கு முன்பே வரத் தொடங்கியது. அவருடைய சொந்த இடத்தைக் காட்டிப் பார்க்கலாம் என்றார் மிஸ். சுற்றிலும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கிற ஒரு சின்னக் கேமராவை, நெற்றியில் கட்டும் பட்டியோடு என்னிடம் கொடுத்தார். வழக்கமான வேகத்தில் நடக்க வேண்டும், பேசக்கூடாது, நிற்கக்கூடாது, பாதையில் ஆட்கள் இல்லாமல் இருந்தால் நல்லது என்றார். கால்களை அவர் கணினியில் சேர்த்துக்கொள்வாராம். திங்கட்கிழமை கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அண்ணியிடம் போனில் சொன்னேன். "அண்ணனோட கண்ணு மாதிரிதான் அண்ணி அது. அது பாக்கிறதைத்தான் அவரு பாப்பாரு. ஞாயித்துக்கெழமை வாறேன். யாரும் குறுக்க வராம பாத்துக்கங்க." சரி தம்பி, சரி தம்பி என்றார்.

கோயிலடியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பட்டியை நெற்றியில் கட்டினேன். அங்கிருந்து எங்கள் லயம்வரைக்கும் படிகளும் ஏற்றமும்தான். முதல் வளைவு திரும்பியதும் எனக்குத் தலை சுற்றியது. பாதை முழுக்கச் சாணி தெளித்திருந்தார்கள். ஓரத்தில் வரிசையாக ஆட்கள், கல்யாணத்துக்குப் போகிற சேலையிலும் சட்டையிலும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை, தோட்டமே வந்து நின்றது. "வாங்கண்ணே!" "எந்திரிச்சு வந்துட்டீங்களா மாமா!" "மெதுவா, மெதுவா, படி வழுக்கும்." என்னைப் பார்த்து யாரும் பேசவில்லை. என் நெற்றியைப் பார்த்துப் பேசினார்கள். பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். கத்த வேண்டும்போல் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்பினால் ஆரத்தி எடுத்துத்தான் எங்கள் வீடுகளில் உள்ளே விடுவார்கள். வாசலில் நிறைகுடம் வைத்திருந்தது. அண்ணி ஆரத்தித் தட்டோடு நின்றார். சுற்றினார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் முகம் சிரித்தது. சுற்றி முடித்து, தட்டில் விரலைத் தொட்டு, என் நெற்றிக்கு மேலே கையை நீட்டிக் கேமராவின் கண்ணில் பொட்டு வைத்துவிட்டார்.

துடைத்துவிட்டு மறுபடியும் கோயிலடிக்கு இறங்கினேன். அதற்குள் பனி இறங்கி முன்னால் நிற்கும் ஆளே தெரியவில்லை. இருட்டும்வரை காத்திருந்தேன், விலகவில்லை. அந்த ஒரு படம்தான் மிச்சம்.

மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அன்பான ஆட்கள்!" என்று சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னார். இதைப் பார்த்தால் அண்ணன் சந்தோஷப்படுவார் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக் கை வீசினார். படியேறினார். முகம் மலர்ந்தது. ஒவ்வொருவராக முறை சொல்லி விசாரித்தார், "என்னா மச்சான், நல்லா இருக்கீங்களா?" என்றார், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் பதில் சொல்லாமல் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது அவருக்கு உறைக்கவில்லை. வாசலுக்கு வந்துவிட்டார் என்பது வீசிய கைகள் நின்றதில் எனக்குத் தெரிந்தது. மனைவி எதிரே நிற்கிறாள். தட்டு சுற்றுகிறது. அண்ணன் கண்ணாடிக்குள் இருந்தபடியே நெற்றியை முன்னால் கொடுத்தார். சக்கர நாற்காலியில், நோயாளிகளும் தாதிகளும் நடமாடும் அந்த அறையில், பொட்டுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார்.

கண்ணாடிக்குள் அண்ணியின் விரல் வந்து போயிருக்க வேண்டும், நெற்றியில் எதுவும் படவில்லை. பிறகு கையைத் தூக்கி நெற்றியைத் தடவினார். கை கண்ணாடியின் பிளாஸ்டிக்கில் போய் இடித்தது.

"கழட்டுடா" என்றார். கழற்றினேன். ஆண்பிள்ளை அழுவதை நான் பார்த்ததில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், எங்கள் வீட்டில் எல்லோருமே அழுவோம். ஆனால் இப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை. உடம்பின் மேல்பாதி மட்டும் குலுங்கியது. கால்கள் இரண்டும் யாருடையவோபோல் சும்மா இருந்தன. அன்று எரிச்சல் உடனே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்தப் படமும் வேலை செய்யவில்லை. மிஸ் கடற்கரையைப் போட்டார், ஒரு காட்டுப் பாதையைப் போட்டார், நடக்கவே தேவையில்லாத பூந்தோட்டம் ஒன்றைப் போட்டார். அண்ணன் மிஸ்ஸுக்காக மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி இருப்பார். "படந்தானே மிஸ்" என்பார். அதை நான் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை. மதியமானால் நான் காலைத் தேய்ப்பேன். இடையில் ஒருநாள் அண்ணி வந்தார். அண்ணன் படுகிற பாட்டைப் பார்த்தார், என்ன நடந்தது என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்டார். அந்தப் படத்தைப் பார்த்த அன்றிலிருந்துதான் இப்படி என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்.

இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சில வாரங்களில் அனுப்பிவிட்டார்கள். கோயிலடிவரை வேன் வந்தது. அதற்கு மேல் சக்கரம் ஏறாது. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவரை வைத்துக் கட்டி, நான்கு பேராகத் தூக்கினோம். கதிரையின் முன்பக்கக் கால் ஒன்றை நான் பிடித்திருந்தேன்.

பாதையில் ஒரு குருவி இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள், புகை வந்தது, பிள்ளைகளை யாரோ அடக்கும் சத்தம் கேட்டது. தாங்கள் வந்து நின்றதால்தான் அவருக்கு வலி கூடிவிட்டது, தங்கள் கண் பட்டுவிட்டது என்று அவர்களே பேசி முடிவு செய்திருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

வாசலில் அண்ணி வெறுங்கையோடு நின்றார். கதிரையைக் கீழே வைத்தோம். அண்ணன் அவர் கைகளைப் பார்த்தார்.

"ஆரத்தி எடுக்கலியா?"

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிறகு பதறி, "இந்தா, இப்ப கரைச்சிட்டு வாறேங்க" என்று உள்ளே ஓடப் பார்த்தார்.

"வேணாம் விடு" என்றார் அண்ணன். "கால் எரியுது. உள்ள தூக்கிட்டுப் போங்க."