ஏழு இழுவை

என் அறைச் சுவரின் ஆணியில் ஒரு நீல நைலோன் கயிறு தொங்குகிறது. சுண்டுவிரல் தடிமன், முப்பது அடி நீளம், இரு முனையிலும் நானே போட்ட முடிச்சு. பவளப்பாறை பார்க்க வருபவர்களில் நீச்சல் தெரியாதவர்களை இறக்கும்போது ஒரு முனை அவர்கள் இடுப்பிலும் மறுமுனை என் கையிலும் இருக்கும். ஒரு இழுவை என்றால் என்னைத் திரும்ப இழு. இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. இதற்கு மேல் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. பயந்தவனுக்கு இரண்டு விதிக்கு மேல் நினைவில் நிற்காது. இந்த விதிகளை நான் கடலில் கற்கவில்லை. ஒன்பது வயதில், கடலையே பார்த்திராத காலத்தில், குருவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பாவின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக் கற்றேன்.

ஆற்றோரத்தில் யாரோ எப்போதோ தோண்டிக் கைவிட்ட மாணிக்கக் குழி ஒன்று இருந்தது. வெள்ளம் வந்த ஒரு வாரத்தில் கரை சரிந்து, தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த லயத்துக்கு அந்தப் பம்பால் ஒரு சொட்டும் வந்ததில்லை. நாங்கள் ஊற்றுப் பீலியில் பிடித்தோம். அது பேக்டரிக்கும் கண்டக்டர் ஐயாவின் பங்களாவுக்கும் தண்ணீர் ஏற்றிய பம்பு. மலையில் எங்கள் வேலையை மேற்பார்த்தவரைத்தான் கண்டக்டர் ஐயா என்போம். தோட்டத்து மேலாளரான துரை லீவில் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் பம்பு மேலே வந்தாக வேண்டும் என்று, தோட்டத்தில் நன்றாக நீந்தத் தெரிந்த அப்பாவைக் கண்டக்டர் ஐயா கூப்பிட்டார். நாலு ஆள் ஆழம், தேநீர் நிறத் தண்ணீர். அடியில் போய்ப் பம்பில் கொக்கியை மாட்ட வேண்டும். அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கரையில் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். சாப்பாட்டுக் கேரியரோடு நான் ஒரு ரப்பர் மரத்தடியில் நின்றேன்.

அப்பா மூன்றாவது முறை இறங்கியபோது கயிறு அசைந்தது. பிடித்திருந்தவர்களில் ஒருவர், "ஐயா, இழுக்கிறாங்கய்யா" என்றார்.

"இழுக்கட்டும். கொக்கிய மாட்டாம மேல வந்தா திரும்பவும் எறங்கணும்ல? அவனுக்குத்தான்டா ரெட்ட வேல" என்றார் கண்டக்டர் ஐயா. அவர் கை கயிற்றின் மேல் இருந்தது. நடுவிரலில் மஞ்சள் புஷ்பராக மோதிரம். கயிறு மறுபடி அசைந்தது. நான் எண்ணினேன். எதையும் எண்ணும் பழக்கம் எனக்கு அன்றே இருந்தது. ஏழாவதோடு நின்றது. பிடித்திருந்தவர்கள் அவர் சொல்லைக் கேட்காமல் இழுத்துப் போட்டார்கள். அப்பாவின் இரண்டு காதிலிருந்தும் இரத்தம் வடிந்தது. கொக்கி பம்பில் மாட்டியிருந்தது.

அந்த அழுக்குத் தண்ணீர் காதுக்குள் தங்கி மாதக்கணக்கில் சீழ் வந்தது. டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். கடைசியில் இடது காது முழுதாகவும் வலது காது பெரும்பாலும் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாதது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது, அப்பாவின் பேரை மட்டும் கண்டக்டர் ஐயா குரலைத் தாழ்த்திக் கூப்பிடுவார். அப்பா அசையாமல் நிற்பார். "தொர கூப்பிட்டாத்தான் வருவாரோ?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அப்பா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றார். அது தெரிந்ததும் கண்டக்டர் ஐயா பேர்ப் பதிவான செக்ரோலை வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். மற்றதையெல்லாம் அவசரம், அறியாமை என்று யாராவது எனக்கு விளக்கலாம். அந்தச் செக்ரோலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் இரத்தினபுரியில் குளிரூட்டி, கம்ப்ரசர் வேலை படித்தேன். தெற்குக் கரையில் ஒரு விரிகுடாவில், சுழியோடிகளின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் கடையில் வேலை கிடைத்தது. வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள், என் சிங்களத்தைக் கேட்டதும் ஏறச் சொல்வார்கள். கடை முதலாளி மாத்தயா, பெண் என்று பார்க்காமல் என்னையும் சுழியோடப் பழக்கினார். முதல் பாடமே காது. மூக்கைப் பொத்தி மெதுவாக ஊது. வலித்தால் நில். கொஞ்சம் மேலே வா. மறுபடி ஊது. அவ்வளவுதான். அதை நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். விளங்கவில்லை என்று நினைத்து அவர் மூன்று முறை சொன்னார். விளங்கியதுதான் பிரச்சினை. வலித்தால் மேலே வர வேண்டும் என்பது அப்பாவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. மேலே இருந்தவர்தான் விடவில்லை.

அங்கே நான்காவது வருடம், ஒரு பள்ளி விடுமுறையில், மகளையும் இரண்டு பேத்திகளையும் கூட்டிக்கொண்டு கண்டக்டர் ஐயா வந்தார். முதலில் நான் பார்த்தது மோதிரத்தை. அவருக்கு என்னைத் தெரியவில்லை. மலைநாட்டுப் பேச்சைக் கேட்டதில் சந்தோஷம். "நம்ம பக்கத்துப் புள்ளயா? அப்ப தள்ளி விடமாட்ட" என்றார். "கயிறு நல்ல கயிறுதானா? அந்துட்டா ஆப்பிரிக்காவுலதான்ம்மா கர ஏறணும்" என்றதற்குப் பேத்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அறாதுங்க. ஒரு தடவ இழுத்தா போதும், இழுத்துருவேங்க" என்றேன்.

நான் தயார் செய்தவை: மிதவைச் சட்டை, வார் சரிபார்த்தது. மாஸ்க், மூச்சுக் குழாய். இடம், பாறைக்கு உட்புறம், நானே இறங்கி நின்று பார்த்தது. மணல் தரை, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர். கையெட்டும் தூரத்தில் நான். அவருக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்: அங்கே காலெட்டும் ஆழத்திலேயே தரை இருக்கிறது.

கரையோரத்திலேயே குப்புற மிதக்கவைத்து அங்கே இழுத்துப் போனேன். கொஞ்ச நேரம் கிளிமீன்களைப் பார்த்துக்கொண்டு மிதந்தார். பிறகு ஒரு சிற்றலை வந்து குழாய்க்குள் தண்ணீர் போயிற்று. கயிறு அசைந்தது. ஒன்று. நான் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால்களை உதைத்து நுரை கிளப்பினார். இரண்டு. மூன்று. ஏழு வரை போவதென்றுதான் முடிவு செய்திருந்தேன். நான்காவதில் சின்னப் பேத்தி "தாத்தா!" என்று அழுதுகொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்தாள். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்.

"எழும்பி நில்லுங்கய்யா. தர இருக்கு" என்றேன்.

அவர் நின்றார். தண்ணீர் அவர் தொப்புள்வரை இருந்தது. முதலில் மூத்த பேத்தி சிரித்தாள், பிறகு மகள், பிறகு கரையில் வலை உலர்த்தியவர்கள் எல்லோரும். அவர் முகம் கறுத்தது. "இழுத்தேனே புள்ள, தெரியலையா ஒனக்கு?"

"தெரிஞ்சிச்சுங்க. எங்கப்பாவும் இப்படித்தான் இழுத்தாருங்க, குருவிட்டத் தோட்டத்துல, ஒங்க பம்புக்காக. அவரு நின்ன எடத்துல தர இல்லீங்க."

 ஏதோ நினைவு வந்து அவர் முகம் தெளிந்தது. "ஓ, அந்தப் பம்பா! நல்ல பம்பும்மா அது. பொறவும் அஞ்சாறு வருஷம் ஓடிச்சே."

அவ்வளவுதான். மனிதரை மறந்துவிட்டுப் பம்பை நினைவு வைத்திருந்தார். பழி தீர்த்தால் மனம் லேசாகும் என்றோ வெறுமையாகும் என்றோ சொல்வார்கள். எனக்கு இரண்டும் இல்லை. அவர் மூக்கில் உப்புத் தண்ணீரோடு ஊரார் சிரிப்பின் நடுவே கரையேறியதை இன்றும் விருப்பத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பா லயத்துக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, உதடு தெரிய மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். பம்பைப் பற்றிக் கண்டக்டர் ஐயா சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். குழியருகே நின்று நான் எண்ணியதை ஒருபோதும் அப்பாவிடம் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. அப்பா கேட்டது ஒன்றுதான்.

"எத்தன தடவ இழுத்தான்?"

நான்கு விரலைக் காட்டினேன். கோடரியைக் கீழே வைத்தார். தன் குரல் தனக்கே கேட்காதவரின் சத்தத்தில், லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஏழு வரைக்கும் விட்டிருக்கலாமேம்மா."

இன்று காலையும் இந்த நீலக் கயிற்றோடு கடலில் நின்றேன். மறுமுனையில் பயந்துபோன ஒரு அம்மா. முதல் அசைவிலேயே இழுத்துவிட்டேன், எல்லோருக்கும் அப்படித்தான். கழுவி, உலர்த்தி, ஆணியில் மாட்டியிருக்கிறேன். அன்று செய்ததில் வருத்தம் உண்டா என்று கேட்டால் உண்டு. மீதி மூன்று.