உள்ளே போய்க் கேட்டுட்டு வரேன் சார்

கார் விற்கும் வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவது எஞ்சினைப் பற்றி அல்ல. "உள்ளே போய்க் கேட்டுட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத்தான். கார் வாங்கியவர்களே, வாங்கப் போய் வெறும் காபியோடு திரும்பியவர்களே, கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் பட்டிருக்கிறேன்.

செங்கல்பட்டில் நெடுஞ்சாலையோரம் எங்கள் ஷோரூம். எனக்குச் சத்தமாகப் பேச வராது. தாத்தா கதை சொல்ல, 'உம்' கொட்டியே வளர்ந்தவன். ஆடி பிறந்ததும் மேனேஜர் சுகுமார் கூப்பிட்டார். என் ட்ரெய்னிங் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஆடி முடிவதற்குள் ஒரு புக்கிங் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். புதுசாக எதையும் வாங்க ஊரே யோசிக்கிற மாதம். "ஒன் குரல் ஒன் சட்டைப் பாக்கெட்டயே தாண்ட மாட்டேங்குதுப்பா, அது எப்ப கஸ்டமர் பாக்கெட்டுக்குப் போறது?" என்றார்.

டிஸ்கவுண்ட் நாற்காலி

எங்கள் முறை இதுதான். நீங்கள் ஒரு விலை கேட்பீர்கள். நான் முகத்தைச் சுருக்கி, மேனேஜர் அறைக்குள் போவேன். அது மங்கல் கண்ணாடி அறை. உள்ளே ஆள் நிழல்தான் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். மேனேஜர் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவர் காலில் விழுந்து கெஞ்சியவன் போல வெளியே வந்து, முதலிலேயே கொடுக்கச் சொல்லியிருந்த ஐயாயிரத்தைக் குறைப்பேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். அன்று மேனேஜர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே! உள்ளே போனேன். தண்ணீரை வாயில் வைத்திருக்கும்போது கதவு திறந்தது. வாத்தியார் காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்: "பரவால்ல தம்பி, டிஸ்கவுண்ட் குடுக்கறது இந்த நாற்காலிதான்னா, நானே ஒக்காந்து குடுத்துக்கறேன்."

ஸ்பீக்கரில் இன்னொருவன்

சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நான்கு ஷோரூம்களின் விலையையும் கட்டம் கட்டி வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், வேறொரு ஷோரூம் பையனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை நடுவில் வைத்துவிட்டார். "இவங்க வெலைய விட நீங்க எவ்ளோ கொறைப்பீங்க?" அந்தப் பையனைக் கேட்டார். பிறகு என்னைக் கேட்டார். இப்படியே மாறி மாறி. அந்தப் பையனின் குரலும் என் குரல் போலவே நைந்திருந்தது. அவனுக்கும் ட்ரெய்னிங் மாதம்தான் போல.

கடைசியாக அவர் ஒரு தொகை சொன்னார். போனிலிருந்து அவனும், மேஜையிலிருந்து நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "உள்ளே போய்க் கேட்டுட்டு வரேன் சார்." அவர் லேப்டாப்பை மூடினார். "ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போயி நல்லா பேசி முடிச்சிட்டு வாங்க பாஸ், நான் வெளிய ஒரு டீ அடிச்சிட்டு வரேன்." அந்த டீ இன்னும் முடியவில்லை.

ஆரத்தி எடுத்த வண்டி

அடுத்து வந்த ஏழுமலை மாமல்லபுரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நான் பின்சீட்டில். திருக்கழுக்குன்றம் தாண்டியும் வண்டி திரும்பவில்லை. "சார், போதும் சார்," என்று நான் சொன்னது முன்சீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி நின்றது கடற்கரைப் பக்கம் அவர் மாமியார் வீட்டு வாசலில். மருமகனை ஆடிக்கு அழைத்திருக்கிறார்கள். அவரும் பஸ்ஸில் போய் இறங்குவானேன் என்று எங்கள் டெஸ்ட் டிரைவ் வண்டியில் வந்து இறங்கிவிட்டார்.

மாமியார் பாவம், புதுக்கார் என்றே நம்பிவிட்டார். ஆரத்தி கரைத்து வந்தார், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், முகப்பில் குங்குமம் அப்பினார். ஆரத்தித் தட்டில் காசு போட யாராவது வேண்டுமே! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் ஐம்பது ரூபாய் தட்டில் விழுந்தது. பழங்களை நசுக்கிக்கொண்டு திரும்பி வரும்போது, புக்கிங்கைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். ஏழுமலை கண்ணாடியில் என்னைப் பார்த்து, வெட்கமே இல்லாமல் பேரத்தை ஆரம்பித்தார்: "ஆரத்தி எடுத்து, எலுமிச்சம்பயம் நசுக்கின வண்டி இனிமே புதுசா இன்னா? செகண்ட் ஹேண்ட் வெல போடு அண்ணாத்த, பாத்துக்கலாம்."

துண்டுக்குள் விரல்

ஆடி முடியப் போகிற நேரம். அட்டையைக் கழற்ற மனசைத் தயார்செய்துகொண்டிருந்தபோது முருகேசன் வந்தார். உள்கிராமம், நெல் அறுப்பு மெஷின் வாடகைக்கு விடுகிறவர். ஆடியில் பேசி, ஆவணி பிறந்ததும் வண்டியை எடுப்பதாகத் திட்டம். விலை பேசத் தன் சித்தப்பா கன்னியப்பனைக் கூட்டி வந்திருந்தார். கன்னியப்பன் மாட்டுத் தரகர். சந்தையில் வாயால் விலை பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள்.

இது எனக்கு அப்போது தெரியாது. பெரியவர் எதிரே உட்கார்ந்தார், தோளில் இருந்த துண்டை என் கைமேல் போட்டார், உள்ளே என் ஐந்து விரலையும் கொத்தாகப் பிடித்தார். ஏதோ பாசம் என்று நினைத்தேன். மரியாதைக்கு நானும் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். அவர் துண்டை உதறி எழுந்துவிட்டார். "முருகேசா, அஞ்சு வெரலு புடிச்சேன், புள்ள கைய இறுக்கிடுச்சி. அம்பதாயிரம் கொறஞ்சி போச்சி, வெத்தல பாக்கு எடு!"

மூக்கணாங்கயிறு

ஷோரூமே சிரித்தது. ஐம்பதாயிரம் குறைத்தால் மேனேஜர் என்னைத் துரத்துவார். இல்லையென்று சொன்னால் முருகேசன் போய்விடுவார், ஆடியும் போய்விடும். தாத்தா கதையில் ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். எங்கள் ஷோரூமின் உயிர் விலைத்தாளில் எந்தெந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொட்டேஷனை முருகேசன் பக்கம் திருப்பினேன். "இந்த ஹேண்ட்லிங் சார்ஜ் கட்டணும்னு கட்டாயம் இல்லண்ணே. இன்ஷூரன்ஸ் வெளிய போட்டா கொறையும். இந்த மேட்டு, சீட் கவர் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் வேணாம்னா வேணாம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவர் மட்டும் குனிந்து கேட்டார். மூன்றையும் அடித்துப் பார்த்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் காணாமல் போனது. கன்னியப்பனுக்கு அதிலும் ஒரு வருத்தம்: "மாட்ட வித்துட்டு மூக்கணாங்கயிறுக்குத் தனியா துட்டு கேட்டவன நான் பாத்ததில்ல. இங்க கேட்டுகினு கீறாங்க. இது தெரியாம இத்தினி வருசம் தரகு பாத்துட்டேனே!"

ஐம்பதாயிரத்தில் மிச்சத்தைக் கேட்க உள்ளே போனேன். மேனேஜர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தண்ணி குடிச்சிட்டு மூஞ்சத் தொங்கப்போட்டுகினு போ," என்றார். நான் டம்ளரைத் தொடவில்லை. "சார், இன்னைக்கு நெஜமாவே கேக்கறதுக்கு வந்திருக்கேன்." அவர் நிமிர்ந்தார். அந்த அறையில் அதற்கு முன் யாரும் எதையும் நிஜமாகக் கேட்டதில்லை போலிருக்கிறது. மூன்று வரியும் போன கொட்டேஷனை நீட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, என் கை தானாகக் கழுத்து அட்டைக்குப் போனது.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு கன்னியப்பன் வந்து, மேனேஜர் கைமேல் துண்டைப் போட்டுவிட்டார். துண்டு கொஞ்ச நேரம் நெளிந்தது. மேனேஜர் ஒருமுறை "ஐயோ" என்றார். பெரியவர் ஒருமுறை "அப்ப என் தரகு?" என்றார். துண்டு விலகியபோது இரண்டு பேருமே ஜெயித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். முருகேசன் முன்பணம் கட்டிவிட்டுப் போனார். மேனேஜர் விரலை நீவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் இன்னும் அட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். "அத உடு. கண்ணாடில நெழல் தெரிஞ்சிச்சி, கஸ்டமரு நீ சொல்றத குனிஞ்சி கேக்கறான், நான் கத்தறத எவனும் கேக்கறதில்ல. நாளைக்கு வரும்போது ஒரு துண்டு வாங்கினு வா."

இப்போது நான் நிரந்தர ஊழியன், மேனேஜர் அறை ஆணியில் ஒரு துண்டு தொங்குகிறது, ஆனாலும் நீங்கள் விலை கேட்டு வந்தால் நான் உள்ளே போய்க் கேட்டுவிட்டுத்தான் வருவேன், ஏனென்றால் தண்ணீரை இன்னும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.